செயலாளரின் ஆண்டறிக்கை: நெற்கலப்பும் தெரிவும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

மாதக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எஞ்சிய நேரம் நெல்லுக்கு.

பாரம்பரிய நெல்லான மொட்டைக்கறுப்பனின் சிவப்பும் சோற்றுச் சுவையும், பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பி.ஜி. 352 இன் விளைச்சலும் ஒரே பயிரில் வேண்டும் என்பதே இந்தக் கலப்பின் நோக்கம். 352 வெள்ளை அரிசி தரும் மூன்றரை மாத நெல். மொட்டைக்கறுப்பன் பிந்தியே கதிர்விடும். ஆகவே தாயாக, அதாவது கலப்பு மணியைத் தாங்கும் செடியாக, வைத்த 352 ஐப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை விதைத்துப் பூக்கும் காலம் பொருத்தப்பட்டது. மழையில் நனைந்த மகரந்தம் வேலைக்கு ஆகாது என்பதால், வயலில் அல்ல, தாழ்வாரத்துக்கு நகர்த்தக்கூடிய வாளிகளில்.

மறுநாள் விரியவிருக்கும் பூக்களின் மேல் மூன்றிலொரு பங்கைப் பின்னேரம் சரிவாக வெட்டி, ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுத்துத் தாளுறை போட வேண்டும். ஒரு பை தங்கினாலும் பூ தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும். மறுநாள் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் தந்தைக் கதிரை உறைக்குள் உதற வேண்டும். உமி வெட்டுப்பட்ட மணியில் பூஞ்சணம் இலகுவில் பிடிக்கும்; நன்கு உலர்த்தி வைத்து, ஈரத்தாளில் முளைக்கவிட்டே நட வேண்டும்.

கலப்பு மணி வெள்ளையாக இருக்கக் கண்டு சிலர் ஐயப்பட்டார்கள். அரிசித் தோல் தாயின் திசு. தந்தையின் சிவப்பு, அந்த மணி முளைத்துச் செடியாகித் தரும் நெல்லில்தான் தெரியும். அப்போதும் வெள்ளை தந்த செடிகள் கலப்பில் பிறந்தவை அல்ல, அவை கழிக்கப்பட்டன. சிவப்பு இனத்தைத் தந்தையாக வைத்ததில் கிடைத்த வசதி இது.

இந்தக் காலபோகத்தில் நின்றது இரண்டாம் தலைமுறை. நாலில் ஏறக்குறைய ஒன்று வெள்ளை. சிவப்பிலும் மூன்றில் ஒன்றே நிலைத்தது. மற்ற இரண்டும் அடுத்த விதைப்பில் வெள்ளையும் சிவப்புமாகப் பிரியும், கண்ணால் இனங்காண முடியாது. ஆதலால் ஒவ்வொரு செடியின் நெல்லும் தனிப்பையில், அடுத்த மாரியில் தனி நிரையில். நல்ல செடிகளை ஒன்றாகக் கொட்டி விதைக்கும் யோசனையைக் குழு ஏற்கவில்லை. ஆறாம் தலைமுறைக்கு முன் விதைநெல் கேட்டு நெருக்க வேண்டாம்.

கதிர் நீளத்தில் மயங்காதீர்கள். சதுர மீற்றருக்கு 250 கதிர், கதிருக்கு 90 மணி, அதில் 80 வீதம் நிறைந்தது, ஆயிரம் மணி 24 கிராம் என்றால் 432 கிராம். ஒரு பரப்புக்கு, அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்குக்கு, ஏறக்குறைய 109 கிலோ. பதர் கூடினால் நீளக் கதிரால் பயனில்லை.

அரிசியின் தரத்தைப் பச்சையாகக் குற்றியே பார்க்க வேண்டும். புழுக்கினால் வெடிப்பு ஒட்டிக்கொள்ளும், மணியில் சுண்ணாம்புபோல் தெரியும் வெள்ளை வயிறும் மறையும். எல்லா இனமும் நல்ல இனமாகிவிடும்! ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கிய பின் குற்றுங்கள். காய்ந்த நெல் இரவுப் பனியில் மீண்டும் நனைந்தால் மணி வெடித்துக் குறுணலாகும். அதை இனத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

அடுத்த மாரியில் இந்தத் தனி நிரைகளை நட்டுத்தர ஏற்பவர்கள் மற்ற நெல்லிலிருந்து 3 மீற்றர் விட்டு நட்டு, சூடடிக்கும் இயந்திரத்தில் போடாமல் கையால் உதிர்த்துத் தரவும். பெயர்களை ஆவணி முடியுமுன் பதியவும்.

செயலாளர்