கடலைப் பற்றிய உன் ஈரடி

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

கொழும்புக் காலிமுகத்திடல் கடற்கரையில் இருந்து நீ எழுதியனுப்பிய "அலையே வாராய் அலையே வாராய் / கரையே பாராய் கரையே பாராய்" என்னும் ஈரடியை, தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த நேற்றிரவு வாய்விட்டுப் படித்தேன். புளிமா (நிரை நேர்), தேமா (நேர் நேர்) என்னும் சீர்கள் மாறிமாறி வருவதால் ஓசை இடறவில்லை. அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றுவதுதானே எதுகை, லகரமும் ரகரமும் அப்படி எதுகையாகுமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இடையெழுத்துகளாதலால் இடையின எதுகையாகக் கொள்ளலாம். அடியின் இறுதி ஒலி ஒன்றும் இயைபும் சரியே. எனக்கு உறுத்துவது ஒரே சொல்லை அடுக்கியதுதான்: இரண்டாம் முறை வரும் அலை, முதலில் வந்த அலைக்கு மேல் எதையும் சொல்லவில்லை.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியில், புகார்க் கடற்கரையில் கோவலன் யாழிசைத்துப் பாடுவதைப் பார்:

"கடல்புக் குயிர்கொன்று வாழ்வர்நின் ஐயர்
உடல்புக் குயிர்கொன்று வாழ்வைமன் நீயும்"

உன் தமையன்மார் கடலில் புகுந்து உயிர்களைக் கொன்று வாழ்கிறார்கள், நீயோ பார்ப்பவர் உடலில் புகுந்து உயிரைக் கொன்று வாழ்கிறாய் என்று பரதவப் பெண்ணிடம் முறையிடுகிறான். முதலெழுத்து ஒன்று மாறியதும் கடல் உடலாகிவிட, "புக்குயிர்கொன்று" மட்டும் அசையாமல் நிற்கிறது. முதற்சீர் இரண்டும் புளிமா, எதுகை டகரம். "ஐயர்" என்னும் மாச்சீரை அடுத்து "உடல்" என நிரையசை வருவதால், அடி முடியும் இடத்திலும் வெண்பாவுக்குரிய சீர்த்தொடர்பான வெண்டளை அறுபடவில்லை. அடுத்த பாட்டு இதனினும் நுட்பமானது. "கொடுங்கண் வலையால்" தந்தை கொல்கிறான், "நெடுங்கண் வலையால்" மகள் கொல்கிறாள். முன்னது வலையின் கண், பின்னது அவள் கண். சொல் திரும்பி வரும்போது பொருளும் திரும்பிவிடுகிறது.

எழுத்தறியாத உன் அப்பாயிக்கும் இது கைவந்திருந்தது. தோட்டத்து லய வீடுகளில் சாவு விழுந்தால் ஒப்பாரியில் முதலடியைப் "பொன்னான" என்று எடுத்து, அடுத்த அடியில் அதே ஓசையில் "மணியான" என்று ஒரு சொல்லை மட்டும் மாற்றுவார். கூட்டம் அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருக்கும். (யாப்பிலக்கணம் படித்துக் கொடுத்த எனக்கு அது புரிய நாற்பது வயதாயிற்று.)

ஆகவே உன் அடியைக் கலைத்துவிடாதே. அலை என்பது பெயராகவும் வரும், திரிவதைக் குறிக்கும் வினையாகவும் வரும். முதல் அலையைக் கடலுக்கு விட்டு, இரண்டாவதை ஊரைப் பிரிந்து அலைகிற உனக்கு எடுத்துக்கொண்டு எழுதிப் பார். சீர் தட்டினால் அப்படியே அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா