குடத்துத் தண்ணீரும் கொப்பரைக் கப்பலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பசிபிக் கடலில் இருக்கும் கிரிபாஸ் (Kiribati) என்ற தீவு நாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீருக்குள் நிற்கும் தென்னை மரத்தின் படம் நன்றாகவே இருந்தது. ஆனால் முதல் பத்தியிலிருந்து கடைசி வரை ‘மூழ்கப்போகிறது, மூழ்கப்போகிறது’ என்பதுதான் பல்லவி. அந்த மக்கள் இன்றைக்குக் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அரிசி மூட்டை எப்படி வந்து சேர்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறைக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கப்பலில் என்ஜின் ரூமில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஜெர்மன் முதலாளிகளின் கப்பல்களில் கிரிபாஸ் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் தலைநகரமான தராவாவில், ஜெர்மன் கப்பல் கம்பெனிகளின் ஆதரவில் 1960-களிலேயே ஒரு மாலுமிப் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது. நான் தராவாவில் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்களோடு ஒரே மேசையில் வருடக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன்.

அவர்களில் ஒருவர் குளிக்கும்போது ஷவரை ஒரு நிமிடம் திறப்பார், மூடுவார், சோப்புப் போட்டுவிட்டு மறுபடி திறப்பார். கப்பலில் தண்ணீருக்குப் பஞ்சமில்லாத நாளிலும் இப்படித்தான். சின்ன வயதுப் பழக்கம், கை கேட்கமாட்டேன் என்கிறது என்று சிரிப்பார்.

அதன் காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பவளத்தீவில் ஆறு கிடையாது, குளம் கிடையாது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காகத் தங்கும். எங்கள் பக்கம் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்களே, அதே கணக்குதான். அதிகமாக இறைத்தால் உப்பு மேலே ஏறும், பெரிய அலை கரை தாண்டினால் உப்பு மேலிருந்து இறங்கும். நாட்டின் மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம், அதில் பாதிக்கு மேல் தெற்குத் தராவா என்ற ஒல்லியான நிலத்துண்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்த நல்ல தண்ணீர் அடுக்குக்கு மேலேயேதான் வீடு, கழிப்பறைக் குழி, பன்றிக் கொட்டில், கல்லறை எல்லாம். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் சில மணி நேரம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கடல் மட்டம் இன்னும் ஒரு அங்குலம்கூட ஏறாமல் நின்றுவிட்டாலும் இந்தக் கஷ்டம் அப்படியேதான் இருக்கும்.

கடல் நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலைக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி உதவியோடு திட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கப்பலில் கடல் நீரைக் காய்ச்சிக் குடிநீர் எடுக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு பம்ப் சீல் போய்விட்டால் எங்களுக்கு அடுத்த துறைமுகம் வரை பொறுத்தால் போதும். அவர்களுக்கு உதிரிபாகம் பிஜியிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வர வேண்டும். ஆலையைக் கட்டிக் கொடுத்து நாடாவை வெட்டிவிட்டுப் போகிறவர்கள், பத்து வருடத்துக்கு அதைப் பழுது பார்க்கும் ஆளுக்கும் பொருளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினால்தான் அது ஓடும்.

அடுத்தது தூரம். மொத்தம் 33 தீவுகள். நிலமெல்லாம் சேர்த்தால் 811 சதுர கிலோமீட்டர். ஆனால் அவர்களுக்குச் சொந்தமான கடல் பரப்பு சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் நிலப்பரப்பைவிட அதிகம். தராவாவிலிருந்து கிழக்கே இருக்கும் கிறிஸ்துமஸ் தீவு 3,000 கிலோமீட்டருக்கும் மேல். சொந்த நாட்டுக்குள்ளேயே போக, பல வருடங்கள் பிஜிக்குப் பறந்து வேறு விமானம் மாற வேண்டியிருந்தது! வெளித்தீவுகளில் பெரும்பாலும் துறைமுகம் இல்லை. கப்பல் பாருக்கு, அதாவது தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைத் திட்டுக்கு, வெளியே நிற்கும், சின்னப் படகில் கொப்பரை மூட்டை போகும், அரிசியும் மாவும் சர்க்கரையும் வரும். கப்பல் வராவிட்டால் கடையும் காலி, கொப்பரையும் தேங்கும். கொப்பரைக்கு அரசு மானிய விலை கொடுக்கிறது. 2016-இல் கிலோவுக்கு 2 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தினார்கள். பொருளாதார நிபுணர்கள் இதை வீண் செலவு என்பார்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் வெளித்தீவுக்காரர்களும் படகேறித் தராவாவுக்கே வந்து அதே தண்ணீருக்கு வரிசையில் நிற்பார்கள் என்பதை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

கட்டுரையாசிரியர் அவர்களை வெறும் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களுடைய பனாபா தீவில் 1900 முதல் 1979 வரை, உரம் செய்ய உதவும் பாஸ்பேட்டை வெளியார் தோண்டி எடுத்துப் போனார்கள். தீவே குதறப்பட்டு, அந்த ஊர் மக்களைப் பிஜியின் ரம்பி தீவில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். பாஸ்பேட் தீர்ந்த வருடமும் சுதந்திரம் வந்த வருடமும் ஒன்றே. ஆனாலும் 1956-இல் அந்த வருமானத்தில் தொடங்கிய சேமிப்பு நிதியை இன்றுவரை கரைக்காமல் வைத்திருக்கிறார்கள். சூரை மீன் விஷயத்திலும் அப்படித்தான். தனித்தனியாகப் பேரம் பேசி ஏமாந்துகொண்டிருந்த எட்டு நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து, அந்நியக் கப்பல் ஒருநாள் வலை போட இவ்வளவு என்று விலை வைத்தன. அந்த உரிமப் பணம்தான் இன்று கிரிபாஸ் அரசின் பெரிய வருமானம். அதிலும் ஒரு சிக்கல்: நடுப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடத்தில் மீன் கூட்டம் அவர்கள் பக்கம் வரும், மழையும் வரும். அதற்கு நேர்மாறாகக் கடல் குளிரும் லா நினா வந்தால் இரண்டும் போய்விடும்.

2014-இல் அப்போதைய அதிபர் அனோட்டே டோங் பிஜியில் நிலம் வாங்கிப்போட்டார். அடுத்து 2016-இல் வந்த தனேத்தி மாமாவு, நாட்டை விட்டுப் போகும் பேச்சே வேண்டாம், இங்கேயே வளர்ப்போம் என்றார். கடல் ஆபத்து பொய் என்று நான் சொல்லவில்லை. சேம்பங்கிழங்கு பயிரிடத் தோண்டி, இன்று உப்பு ஏறிப்போன குழிகள் அதற்குச் சாட்சி. ஆனால் நாளைக்கு மூழ்கப்போகிற ஊர் என்று முடிவுகட்டிவிட்டால் அங்கே சாக்கடைக் குழாய் பதிக்க யாருக்கு மனம் வரும்? என் ஓட்டு மாமாவு பக்கம்தான், கையில் பிஜி நிலப் பத்திரமும் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு சிறு திருத்தம். கட்டுரை நெடுக ‘கிரிபாட்டி’ என்று அச்சாகியிருந்தது. அவர்கள் மொழியில் ‘ட்டி’ என்று எழுதுவதை ‘ஸ்’ என்று வாசிக்க வேண்டும். வெள்ளைக்காரன் வைத்த ‘கில்பர்ட்ஸ்’ என்ற பெயரை அவர்கள் நாக்குக்கு மாற்றியதுதான் ‘கிரிபாஸ்’. ‘கிறிஸ்துமஸ்’ தீவும் இப்படித்தான் அவர்கள் எழுத்தில் வேறு மாதிரி இருக்கும். எங்கள் கேப்டன் ஒவ்வொரு முறையும் தப்பாகவே சொல்வார். ஷவரை மூடி மூடித் திறக்கும் அந்த நண்பர் ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர்,
தூத்துக்குடி