கொடியும் கொழுகொம்பும்

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்து மேடையேறிய ஆஞ்சலினாவையும், அது பெண்ணின் வேலை இல்லை என்ற கேத்தரினையும் பற்றிய உன் ஆய்வைக் குறித்துப் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. "ஆஞ்சலினா கிரிம்கேயைப் பற்றி ஐம்பது பக்கம் எழுதலாம்மா. கேத்தரின் பீச்சருக்கு ஒரு பத்தி போதும், படிக்கவே எரிச்சலாக இருக்கிறது" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. நீ அனுப்பிய பக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு மறுபடி படித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

கிரிம்கே சகோதரிகள் மேல் உனக்கு இருக்கும் பிரியம் எனக்கும் வந்துவிட்டது. அதிலும் அக்கா சாரா. அடிமைகளை வைத்திருந்த நீதிபதி வீட்டுப் பெண். ராத்திரி தலைவாரிவிட வரும் அடிமைச் சிறுமியோடு அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, சாவித் துவாரத்தையும் மறைத்துவிட்டு, கணப்பு நெருப்பின் வெளிச்சத்தில் இரண்டு பேரும் குப்புறப் படுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்கள் என்று வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சட்டம் படிக்க ஆசைப்பட்டவளை அப்பா விடவில்லை. அவள்தான் பிறகு பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு பாதிரியார்களோடு வாதாடினாள்.

1837-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காங்கிரகேஷனல் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் போதகர்கள் வெளியிட்ட சுற்றறிக்கையை நீ அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தாய். பெண் என்பவள் பந்தலில் சாய்ந்து படரும் திராட்சைக் கொடி. அவள் எல்ம் மரம்போல் தனித்து நிற்க நினைத்தால் காய்ப்பதும் நின்று புழுதியில் விழுவாள் என்று அதில் இருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எம்.ஏ. படிக்க நான் சென்னைக்குப் போகிறேன் என்றபோது அப்பத்தா சொன்ன வார்த்தை இதுதான்: "கொழுகொம்பு இல்லாத கொடி மண்ணுலதான் கெடக்கும்." நம் மதுரைக்கு 1834-இல் மிஷனரிகளை அனுப்பியது பாஸ்டனில் இருந்த சங்கம். காங்கிரகேஷனல் சபையினர்தான் அதில் பெரும்பாலோர். இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர்களும் அவர்கள்தான். இதை உன் ஆய்வில் சேர்க்க வேண்டாம், சும்மா சொல்கிறேன்.

சாரா கொடுத்த பதில் எவ்வளவு நேரானது பார். எங்கள் கழுத்தின் மேலிருந்து உங்கள் காலை எடுங்கள், கடவுள் எங்களுக்குக் கொடுத்த நிலத்தில் நிமிர்ந்து நிற்க விடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன் என்கிறாள். பெண்கள் கிரேக்கமும் எபிரேயமும் கற்றால் பைபிளுக்குக் கொஞ்சம் வேறான வாசிப்புகள் வரும் என்றும் சொல்கிறாள். வேதத்தை அவள் விடவே இல்லை. மொழிபெயர்த்த ஆண்களைத்தான் கேள்வி கேட்டாள்.

சரி, கேத்தரினுக்கு வருகிறேன். அடிமை முறை பாவம் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மனுப் போடுவது பெண்ணின் கடமைக்குள் வராது, ஆள்வோரிடம் முறையிட ஆண்கள் இருக்கிறார்கள் என்று ஆஞ்சலினாவுக்கே முகவரியிட்டு 1837-இல் எழுதினாள். பெண்களுக்கு இருக்கும் ஒரே அரசியல் உரிமை மனுப் போடுவதுதான், அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள் என்று ஆஞ்சலினா 13 கடிதங்களில் திருப்பிக் கேட்டாள். உன் ஐம்பது பக்கமும் இதில்தான் நிற்கிறது, தெரியும்.

ஆனால் இதே கேத்தரின் 1829-இல் என்ன செய்தாள்? செரோக்கி பழங்குடி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து துரத்தக்கூடாது என்று காங்கிரஸுக்கு மனுப் போடச் சொல்லி, தன் பெயர் போடாமல் நாடு முழுக்கப் பெண்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினாள். மனுக்கள் போயின. அப்படியும் 1830-இல் அவர்களைத் துரத்தும் சட்டம் காங்கிரஸின் கீழவையில் 102-க்கு 97 என்று நிறைவேறிவிட்டது. ஐந்தே ஓட்டு. தோற்ற பிறகு அவள் ஏன் இந்தப் பக்கம் திரும்பினாள்? ஹார்ட்ஃபோர்டில் 1823-இலேயே பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவள் அவள். பெண்கள் மேடை ஏறினால் தகப்பன்மார்கள் பள்ளிக்கூட வாசலையும் அடைத்துவிடுவார்கள் என்று பயந்திருப்பாளோ என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பத்தோரு வருடம் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

உன்னிடமே அதைக் காட்டியிருக்கிறேன். கல்லூரி இரண்டாம் வருடம், விடுதிப் பெண்களை மட்டும் ஆறு மணிக்கே உள்ளே அடைக்கிறார்கள் என்று நீங்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினீர்கள். நான் ராத்திரி பஸ் பிடித்து வந்து, "முதலில் படிப்பை முடி, மனுவெல்லாம் வேறு யாராவது கொடுப்பார்கள்" என்று சொல்லி உன் பெயரை அடிக்க வைத்தேன். நீ நீல மையில் போட்ட கையெழுத்தின் மேல் நீயே கோடு போட்டாய். பெரியப்பாக்கள் காதுக்குப் போனால் உன் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று அன்றைக்கு நடுங்கினேன். அந்தக் காரணத்தை உன்னிடம் சொல்லவில்லை. கேத்தரின் எழுதியதைப் படித்தபோது அந்த நீலக் கோடுதான் கண்முன் வந்தது. அன்று நான் செய்தது தப்பு, கண்ணு.

கேத்தரின் செய்ததும் தப்புதான். அவளை நல்லவளாக்கச் சொல்லவில்லை. 1830 கணக்கெடுப்பில் 20 லட்சம் பேர் அடிமைகள்; மெதுவாகப் போகலாம் என்று அவர்கள் சார்பில் சொல்ல அவள் யார்? ஆனால் ஒரு பத்தியில் தள்ளிவிடாதே. அவள் எதற்குப் பயந்தாள் என்று எழுதினால்தான் ஆஞ்சலினா எதைத் தாண்டி வந்தாள் என்பது தெரியும்.

இன்னொன்று. நீ இருக்கும் பாஸ்டனில்தானே மாசசூசெட்ஸ் சட்டமன்றம் கூடும் அந்த ஸ்டேட் ஹவுஸ் இருக்கிறது. 1838 பிப்ரவரி 21 அன்று 20,000 பெண்களின் கையெழுத்தோடு ஆஞ்சலினா அங்கே சட்டமன்றக் குழுவின் முன் பேசினாள். அமெரிக்கச் சட்டமன்றம் ஒன்றின் முன் பேசிய முதல் பெண். மயங்கி விழுந்துவிடுவேனோ என்று இருந்ததாகத் தோழிக்கு எழுதியிருக்கிறாள். அதே வருடம் மே மாதம் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா ஹாலில் அவள் பேசியபோது வெளியே கும்பல் ஜன்னல்களைக் கல்லால் உடைத்தது. அவள் நிறுத்தவில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். மறுநாள் ராத்திரி அந்தக் கட்டடத்தையே கொளுத்திவிட்டார்கள். திறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

பனி குறைந்ததும் ஒருநாள் ஸ்டேட் ஹவுஸுக்குப் போய்விட்டு வா. உள்ளே விட்டால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அப்புறம் கேத்தரின் பற்றிய அத்தியாயம் எழுதினால் முதலில் எனக்கு அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வை, கண் ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்து தெரிவதில்லை. அப்பா முக்குக் கடையில் பிரிண்ட் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா