அம்மைக்கு ஒரு கேமரா, தேரூருக்கு ஒரு கேமரா

நாகர்கோவில்
ஞாயிறு காலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. விருப்ப ஓய்வு கிடைத்துவிட்டது, ஐப்பசிக்குள் தக்கலைக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்த இடத்தை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன். முப்பது வருஷம் புனேயில் கிடந்தது போதும். மைனிக்கு ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளுமா என்று கவலைப்படாதே, ஒரு மாசத்தில் பழகிவிடும்.

சரி, கேமரா விஷயம். சட்டைப் பையில் அடங்குகிற காம்பாக்ட் வாங்கவா, லென்ஸைக் கழற்றி மாற்றுகிற பெரிய டிஎஸ்எல்ஆர் வாங்கவா என்று கேட்டிருக்கிறாய். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ எடுக்க ஆசைப்படுவது இரண்டே இரண்டு: தேரூர்க் குளத்துப் பறவைகளையும், உன் அம்மையையும். இந்த இரண்டுக்கும் ஒரே கேமரா ஒத்துவராது. குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பறவை. தேரூரில் கூழைக்கடா பக்கத்தில் வந்து நிற்காது. நீளவால் இலைக்கோழி தாமரை இலைமேல் நடந்துகொண்டே இருக்கும், நீ பட்டனை அழுத்துவதற்குள் பறந்துவிடும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை உள்ளே ஒரு கண்ணாடி மேலே திருப்பி உன் கண்ணுக்கு அனுப்புகிறது. நடப்பதை நடக்கும்போதே பார்க்கிறாய். ஃபோகஸ் பார்ப்பதற்கென்று அதில் தனி சென்சார் உண்டு, அதனால் பறக்கிற பறவையையும் விடாமல் பிடிக்கும். காம்பாக்டில் பெரும்பாலும் பின்னால் இருக்கும் திரைதான் எல்லாம். நம் ஊர் பத்து மணி வெயிலில் அந்தத் திரையில் உன் முகம்தான் தெரியும், பறவை தெரியாது. என்னுடைய டிஎஸ்எல்ஆர் நிக்கான் டி3500. அதில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், பழைய ஃபிலிம் கேமராவில் 450 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டதுபோலத் தூரத்தை இழுத்துக் காட்டுகிறது. அதுவே தேரூருக்குக் கொஞ்சம் பற்றாக்குறைதான்.

அடுத்தது வெளிச்சம். சாதாரணக் காம்பாக்டின் சென்சார், அதாவது வெளிச்சம் விழுந்து படமாகிற தகடு, சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம். என் கேமராவில் 23.5க்கு 15.6. பரப்பில் பதின்மூன்று மடங்கு வித்தியாசம். முற்றத்தில் மழை பெய்யும்போது ஒரு சிரட்டையையும் ஓர் உருளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், அவ்வளவுதான் கணக்கு. பத்மநாபபுரம் அரண்மனைக்கு இரண்டு கேமராவையும் கொண்டுபோனேன். மர அழிகள் வழியாகக் கசிகிற அந்த அரை வெளிச்சத்தில் சின்ன கேமராவின் படமெல்லாம் மணல் தூவினதுபோல இருந்தது. டிஎஸ்எல்ஆரில் 50 மில்லிமீட்டர் எஃப்1.8 லென்ஸ் (வாய் அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சம் விடுகிற வகை) போட்டு எடுத்ததில் தரையின் கறுப்பு மினுக்கம்கூட அப்படியே வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு நான் டிஎஸ்எல்ஆர் வாங்கு என்றுதான் சொல்வேன் என்று நினைப்பாய். இல்லை.

என் அம்மை போன பங்குனியில் போனது உனக்குத் தெரியும். கடைசி இரண்டு வருஷமும் இந்த டிஎஸ்எல்ஆர் வீட்டில்தான் இருந்தது. அதில் அம்மையின் படம் மொத்தமே நான்கு. எடைதான் காரணம். பெரிய லென்ஸோடு எண்ணூறு கிராமுக்கு மேல் வரும். பையைத் திறந்து, லென்ஸ் மாட்டி, மூடியைக் கழற்றி நான் வருவதற்குள் அம்மை சேலையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். நான்கு படத்திலும் ரேஷன் கார்டுக்கு உட்கார்ந்த முகம். என் மகள் கையில் ஒரு காம்பாக்ட் இருந்தது. அதில் அம்மை முற்றத்தில் புளிக்குக் கொட்டை எடுக்கிறாள், அடுக்களைத் திண்ணையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்குகிறாள், பேரன் சொன்ன எதற்கோ வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். சில படம் கலங்கல்தான். ஆனாலும் இப்போது நான் எடுத்துப் பார்ப்பது அவற்றைத்தான்.

அதனால் நீ காம்பாக்ட் வாங்கு. ஆனால் சின்ன சென்சார் வேண்டாம். ஒரு இஞ்ச் சென்சார் என்று சொல்கிற வகை இருக்கிறது, பெயர்தான் அப்படி, அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். சாதாரணக் காம்பாக்டைப்போல நான்கு மடங்கு பரப்பு. சோனி ஆர்எக்ஸ்100 அந்த வகைதான். 2012-இல் வந்த முதல் மாடலே 240 கிராம்தான், லென்ஸ் எஃப்1.8-இல் தொடங்கும். வீட்டுக்குள் ட்யூப் லைட் வெளிச்சம் போதும். செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் விடாதே. லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று மட்டும் பார். கடற்கரை மணல் ஒரு துணுக்கு மாட்டினால் அது நின்றுவிடும்.

ஒரு வேளை மனசு டிஎஸ்எல்ஆரிலேயே நின்றால், அதையும் பழசாகவே வாங்கு. கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் கொண்டுவரவில்லை, எல்லாம் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அதில் போட்டால் கையால்தான் திருகணும். விலை குறைவு என்று அந்தப் பழைய லென்ஸை வாங்கிவிடாதே.

அப்புறம் பூஞ்சை. இது புனேக்காரனான உனக்குத் தெரியாது. நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஒரு மழைக்காலம் முழுக்க லென்ஸைத் தோல் உறையோடு அலமாரியில் வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது உள்கண்ணாடியில் வேர்போலப் படர்ந்திருந்தது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இப்போது காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்டு அதில் வைக்கிறேன். முட்டத்துப் பாறைக்கோ மணக்குடிக்கோ போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிடு. உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதே.

பறவைக்கு என்ன செய்ய என்று கேட்பாய். என் கேமராவும் 70-300 லென்ஸும் இங்கே சும்மாதானே இருக்கிறது. எடுத்துக்கொண்டு போ, மாதக்கணக்கில் வைத்துக்கொள். 2022-இல் சுசீந்திரம் தேரூர் குளங்களை, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கப்புறம் நாம் இரண்டுபேரும் சேர்ந்து அங்கே போனதே இல்லை. விடியற்காலம் ஆறு மணிக்குக் கரையில் நின்றால் போதும். திரும்பும் வழியில் சாயாவும் ரசவடையும்.

ஆனால் காம்பாக்டை ஊருக்கு வந்த பிறகு வாங்கலாம் என்று தள்ளாதே. அங்கேயே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வா. நீ வாசலில் வந்து இறங்கும்போது உன் அம்மை திண்ணையிலிருந்து எழுந்து வருவாளே, அதை எடுக்கணும்.

டிக்கெட் போட்டதும் தேதி எழுது. ஜங்ஷனுக்கு நான் வருகிறேன்.

உன் கூட்டுக்காரன்