தறிக்குழியில் ஊறிய தண்ணீர்

கோயமுத்தூர்,
ஐப்பசி, 2024

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய சேதியைப் பார்த்தேன். மழை வலுத்தால் ஃபோன் கிடைக்காமல் போகலாம், அப்பத்தாவிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள், பயந்துகொள்வார் என்று எழுதியிருக்கிறாய். இதற்கு ஃபோனில் பதில் சொன்னால் "சரி சரி, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மிணி, உன் அப்பத்தாவுக்கு வெள்ளம் புதுசில்லை. நீ மறைக்கிறாய் என்பதுதான் அவரைப் போட்டு வாட்டுகிறது.

போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நீ சென்னை வேளச்சேரியில் கீழ்வீட்டில் இருந்தாய். கரண்ட் போய், டவரும் போய், நடுவில் எப்படியோ லைன் கிடைத்தது. "இங்க ஒண்ணுமில்ல அப்பத்தா, லேசா தூறல்தான்" என்றாய். அதே நேரம் இங்கே டிவியில் உங்கள் வேளச்சேரித் தெருவில் படகு போய்க்கொண்டிருந்தது. அப்பத்தா "சரி சாமி, பத்திரம்" என்று சொல்லிவிட்டு ஃபோனை என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி படுக்கவே இல்லை. உன் அப்பா போய்ப் படுக்கச் சொன்னதற்கு, "தூறலுக்கு எதுக்குடா படகு?" என்று மட்டும் கேட்டார்.

அப்பத்தா பிறந்தது பவானியில், காவிரியும் பவானியும் சேர்கிற கூடுதுறைக்குப் பக்கத்தில். அது உனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் எப்படி வெள்ளத்தோடு குடித்தனம் நடத்தினார்கள் என்று நீ கேட்டிருக்க மாட்டாய். எனக்கே இந்த ஆடியில்தான் தெரிந்தது. மேட்டூர் 120 அடியும் நிரம்பி, லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டு, பவானியிலும் கருங்கல்பாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் போனதே, அன்றைக்குப் பேப்பரை வைத்துக்கொண்டு தானாகவே பேச ஆரம்பித்தார். இத்தனை வருசம் மருமகளாக இருக்கிறேன், எனக்குச் சொல்லத் தோன்றியதில்லை. நீ கேட்டிருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பார். அது வேறு கதை, விடு.

அவர்கள் வீட்டில் ஜமக்காளத் தறி இருந்தது. குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார்கள். காவிரியில் தண்ணீர் ஏறுகிறது என்றால் ஊரே படித்துறைக்குப் போய் எத்தனை படி மூழ்கியது என்று பார்த்துக்கொண்டிருக்குமாம். அப்பத்தாவின் அம்மா மட்டும் வீட்டை விட்டு நகராமல், தறிக்குழிக்குள் கையை விட்டு விட்டு மண்ணைத் தொட்டுப் பார்ப்பாராம். வாசல் காய்ந்து கிடக்கும்போதே குழியில் ஈரம் ஊற ஆரம்பித்துவிடும். மண் கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் அவ்வளவுதான், தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலை அறுத்துச் சுருட்டி அட்டாலிப் பரணுக்கு ஏற்றுவார்கள். நூல் நனைந்தால் சாயம் கலங்கிவிடும், கூலியும் போச்சு. அப்புறம் அரிசிப் பானை. அப்புறம்தான் துணிமணி. அப்பத்தா அப்போது சின்னப் பிள்ளை, பாவைச் சுருட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை.

"எல்லாரும் வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க, தண்ணி கீழயிருந்து வரும்" என்றார். எனக்கு உடனே உன் வேளச்சேரி வீடுதான் ஞாபகத்துக்கு வந்தது. நீ வாசற்படியில் மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்தாய், தண்ணீர் பாத்ரூம் ஓட்டை வழியாக வந்தது என்று அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னாயே. அதைத்தான் சொல்கிறேன். நீ முந்தின நாளே அவரிடம் கேட்டிருந்தால் அந்த ஓட்டையை முதலில் அடைக்கச் சொல்லியிருப்பார்.

பேப்பரில் அணை நீர்மட்டம் பார்க்கிற பழக்கம் நம் ஊர்ப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் உண்டு. அவர் மேட்டூரையும் பவானிசாகரையும் பார்த்துவிட்டு, நீ சென்னைக்குப் போன பிறகு செம்பரம்பாக்கம் ஏரியையும் சேர்த்துக்கொண்டார். மொத்தம் 24 அடி என்பது மனப்பாடம். 2015 டிசம்பரில் அங்கே திறந்துவிட்டு அடையாற்றில் வந்த வெள்ளத்தை டிவியில் பார்த்தவர் அல்லவா. உன் அப்பாதான், "அம்மா, அவ இருக்கற பக்கத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் சம்பந்தமில்லை. அவ ஏரியாத் தண்ணி பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய், ஒக்கியம் மடு வழியா பக்கிங்காம் கால்வாயில சேர்ந்து, கோவளத்துப் பக்கம் கடலுக்குப் போகணும்" என்று விளக்கினார். அதற்கு அவர் கேட்ட கேள்வியைக் கேள்: "புயலடிக்கறப்ப கடல் தண்ணியை வாங்குமாடா?" வாங்காது. மிக்ஜாம் அன்றைக்கு நடந்ததும் அதுதான். புயல் கரைக்குப் பக்கத்திலேயே நின்று கடலை ஏற்றி வைத்திருந்தது, மடுவிலிருந்து போகிற தண்ணீரால் வடிய முடியவில்லை. பவானியில் ஆறு நிறைந்தால் ஊர்ச் சாக்கடை திரும்பி வீட்டுக்குள் வரும், அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிசம் ஆகவில்லை. நீ இவரைத்தான் பயந்துகொள்வார் என்கிறாய்.

போன வாரம் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்ததை டிவியில் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "நல்ல புத்தி. நாங்க மாட்டை ஓட்டிக்கிட்டுப் போய் மேட்டுல கட்டுவோம்" என்றார்.

இங்கேயும் மழை நல்ல மழைதான். லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பக்கத்து ரயில்வே பாலம், அவினாசி ரோடு மேம்பாலத்தின் அடிப்பக்கம் எல்லாம் வழக்கம் போலக் குளம். நொய்யல் அணைக்கட்டுகளிலிருந்து குளம் குளமாகத் தண்ணீர் போவதற்கு அந்தக் காலத்தில் வாய்க்கால் வெட்டி வைத்தார்கள், நாம் அதன் மேல் வீட்டைக் கட்டிவிட்டு மழையைத் திட்டுகிறோம். சங்கனூர்ப் பள்ளம் ஓடையில் தண்ணீர் போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. அப்பத்தா குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். கீழே விழுந்து தொலைக்கப் போகிறார் என்று உன் அப்பா தினமும் கத்துகிறார்.

இப்போது நீ மாடிவீட்டுக்கு மாறிவிட்டாய், நிம்மதிதான். ஆனாலும் சம்ப் கீழேதானே இருக்கிறது? சாக்கடைத் தண்ணீர் அதில் இறங்கினால் மோட்டார் போட்டு நீங்களே மேலே ஏற்றிக்கொள்வீர்கள். மழைக்கு முன்னாலேயே மேல்தொட்டியை நிரப்பிவிட்டு மோட்டாரை நிறுத்திவிடச் சொல். குடிக்கத் தனியாகக் குடத்தில் பிடித்து வை. பவர் பேங்கைச் சார்ஜ் போட்டு வை. கேஸ் இருக்கிறதா பார்த்துக்கொள், அரிசியும் பருப்பும் இருந்தால் அரிசிம்பருப்புச் சோறு வைத்தே நாலு நாள் ஓட்டலாம்.

அப்பத்தாவுக்கு ஒரு வேலை கொடு, அம்மிணி. மழை என்றால் நீயே கூப்பிட்டு, தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏறுகிறதா வடிகிறதா என்று உள்ளதை உள்ளபடி சொல். கணுக்கால் என்றால் கணுக்கால், முழங்கால் என்றால் முழங்கால். காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்துக்கொள்வார். ஃபோன் கிடைக்காது என்று தெரிந்தால் அதையும் முன்கூட்டியே அவரிடமே சொல்லிவிடு. எத்தனை மணி வரைக்கும் காத்திருக்கலாம் என்று தெரிந்தால் தூங்குவார்.

தீபாவளிக்கு டிக்கெட் கிடைத்ததா? கிடைக்காவிட்டால் உன் அப்பா பஸ்ஸில் பார்க்கிறேன் என்கிறார். முறுக்கு மாவு அரைத்தாகிவிட்டது.

நாளைக்குக் கூப்பிடுவதாக இருந்தால் ஏழு மணிச் செய்தி முடிந்த பிறகு கூப்பிடு. நடுவில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். வலது காது சுத்தமாகக் கேட்பதில்லை, ஃபோனை இடது பக்கம் வைக்கச் சொல்லிவிட்டுப் பேசு.

அன்புடன்,
அம்மா