கறுத்ததெல்லாம் கரிச்சான் இல்லை: செயலாளரின் ஆண்டறிக்கை

நம் பறவை பார்ப்போர் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக எத்தனை கூட்டம் நடந்தது என்பதில்தான் ஆண்டறிக்கையை ஆரம்பிப்பேன். இந்த முறை ஒரு திருத்தத்தில் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு அறிக்கையில் "கரிச்சான், குண்டுகரிச்சான் போன்ற ஒரே குடும்பத்துப் பறவைகள்" என்று எழுதியிருந்தேன். அது தப்பு. யாரும் கவனிக்கவில்லை என்று நாலு மாதம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம், புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி கூட்டத்தில் எழுந்து, "ஐயா, பேர் ஒரே மாதிரி இருந்தால் சொந்தக்காரங்க ஆகிடுவாங்களா?" என்று கேட்டுவிட்டார். இந்த ஆண்டு சங்கத்தில் நடந்த எல்லாவற்றுக்கும், சண்டைகள் உட்பட, அந்தக் கேள்விதான் ஆரம்பம்.

கூட்டங்கள் 11 நடந்தன, ஒன்று மழையில் போனது. வெளிநடை 8. வருகை போன ஆண்டைவிடத் தேவலை. என் பேச்சைக் கேட்க வந்தார்கள் என்று நானே நம்பவில்லை, சண்டை பார்க்க வந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கரிச்சான் என்றால் கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும் இரட்டைவால் குருவி. காக்கை, பருந்து என்று பார்க்காமல் விரட்டும். குண்டுகரிச்சான் கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு தரையில் தத்தித் தத்தி இரை தேடும், விடியலில் பாடும். கறுப்பை விட்டால் இரண்டுக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது. கரிச்சான் காக்கைப் பக்கத்துச் சொந்தம். குண்டுகரிச்சான் ஈப்பிடிப்பான் குடும்பம். இதில் வேடிக்கை என்னவென்றால், அரசவால் ஈப்பிடிப்பான் என்று நாம் கூப்பிடுகிறோமே, ரிப்பன் மாதிரி நீள வால் உள்ள பறவை, அது ஈப்பிடிப்பான் குடும்பமே இல்லை, கரிச்சானுக்குத்தான் நெருக்கம். ஆக, பேரில் ஈப்பிடிப்பான் இருப்பது கரிச்சானுக்கு உறவு, பேரில் கரிச்சான் இருப்பது ஈப்பிடிப்பான். மாணவி இதைப் பலகையில் குறுக்குக் கோடு போட்டுக் காட்டியபோது நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

மூத்த உறுப்பினர் ஒருவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் இருக்கும் பழைய கையேட்டில் குண்டுகரிச்சான், கருஞ்சிட்டு எல்லாம் பூங்குருவிகளோடு (ஆங்கிலத்தில் 'திரஷ்') சேர்த்துத்தான் போட்டிருக்கிறது. "அப்போ புத்தகம் பொய்யா?" என்று மேசையைத் தட்டினார். பொய் இல்லை ஐயா. அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் குடும்பம் பிரித்தார்கள். நல்ல குரல், தரையில் மேய்ச்சல், குஞ்சுகளின் உடம்பில் புள்ளி, இதெல்லாம் பொருந்தியதால் ஒரே வீட்டில் வைத்தார்கள். 1980களில் சிப்லி, அல்குவிஸ்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பறவைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட ஆரம்பித்த பிறகுதான் பாகப்பிரிவினை நடந்தது. சீகாரப் பூங்குருவியும் நீலப் பூங்குருவியும்கூட, பேரில் பூங்குருவியை வைத்துக்கொண்டே, பின்னால் ஈப்பிடிப்பான் வீட்டுக்குப் போய்விட்டன. தத்துப் போன பிள்ளை பழைய இனிஷியலையே போட்டுக்கொள்கிற மாதிரி என்று பொருளாளர் சொன்னார். அவர் சொன்ன உறவுமுறைதான் எல்லோருக்கும் மனதில் நின்றது: பூங்குருவிக்கு ஈப்பிடிப்பான் சித்தப்பா பிள்ளை, மைனா கொஞ்சம் தள்ளிய பங்காளி, அமெரிக்காவின் மாக்கிங்பேர்டு மைனா வழியில் வருகிற பங்காளி. கரிச்சான் ஊர்க்காரன்கூட இல்லை. தவிட்டுக்குருவியும் வேறு வீடு, காட்டில் கூட்டமாகச் சத்தம் போடும் சிரிப்பானும் தவிட்டுக்குருவி வகைதான், ஆங்கிலத்தில் அதன் பெயரில் 'திரஷ்' ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இங்கிலீஷ்காரர்களின் குழப்பம் நம்முடையதைவிடப் பெரிது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். 'பிளாக்பேர்டு' என்று அவர்கள் சொல்லும் கரும்பூங்குருவி ஒரு பூங்குருவி. ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் 1758இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். ஆண்தான் கறுப்பு, ஆரஞ்சு மஞ்சள் அலகு, கண்ணைச் சுற்றி அதே நிறத்தில் வளையம். பெண் பழுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலைகளிலும் இருப்பதை முன்பு இதன் கிளையினம் என்றார்கள், இப்போது தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். இது ஒரு பக்கம் இருக்க, நம் உறுப்பினர் ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து அவருடைய தங்கை படம் அனுப்பியிருந்தார்: "அண்ணா, உங்க பிளாக்பேர்டு இங்கே நூற்றுக்கணக்கில்." பார்த்தால் தோளில் சிவப்புப் பட்டை. அது அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய வேறொரு குடும்பம், பூங்குருவிக்குச் சம்பந்தமில்லை. அங்கே குடியேறியவர்கள் கறுப்பைக் கண்டதும் பழைய பேரை ஒட்டிவிட்டார்கள். சிவந்த மார்பைப் பார்த்து 'ராபின்' என்று பேர் வைத்ததும் அப்படித்தான். அமெரிக்க ராபின் அசல் பூங்குருவி, ஐரோப்பிய ராபின் ஈப்பிடிப்பான் குடும்பம். அவர் தங்கைக்குப் பதில் எழுத மூன்று நாள் ஆனதாம்.

வெளிநடைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவை பதிவேட்டில் இருக்கின்றன. ஜனவரியில் போனது. மூங்கில் புதருக்கு அடியில் காய்ந்த சருகு, சத்தம் மட்டும் வருகிறது, எலி என்றுதான் நினைத்தோம். அப்புறம் ஒரு சருகு தானாக எகிறி விழுந்தது. செந்தலைப் பூங்குருவி. ஆரஞ்சுத் தலை, வெள்ளைக் கன்னத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கறுப்புக் கோடு. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், தலையைச் சாய்க்கும், அலகால் சருகைக் கவ்விப் பக்கவாட்டில் வீசும், அடியில் இருப்பதைக் கொத்தும், மறுபடி ஓடும். இப்படியே இருபது நிமிடம், எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. தலையைச் சாய்ப்பது பார்க்கவா கேட்கவா என்று ஒருவர் கேட்டார். அமெரிக்க ராபினை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்திருக்கிறார்கள். கண்தான் என்று 1960களில் சொன்னார்கள், மண்ணுக்குள் இருக்கும் புழுவைக் காதாலும் கண்டுபிடிக்கிறது என்று 1997இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

திரும்பும்போது ஒரு மரப்பொந்தில் சிறு ஆந்தை. முதலில் ஒரு சின்னான் கத்தியது, இரண்டு நிமிடத்தில் குண்டுகரிச்சான், தவிட்டுக்குருவி, கரிச்சான் எல்லாம் கூடிவிட்டன. ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை உள்ளவைகூட அந்த நேரத்தில் ஒரே கட்சி. ஆனால் வல்லூறு பறந்து வந்தால் கதை வேறு, அப்போது யாரும் கூட்டம் போட மாட்டார்கள். பறவைகளின் ஒலிகளை ஆராய்ந்த பீட்டர் மார்லர் என்பவர் 1955இல் இதைப் பற்றி எழுதினார். மேலே பருந்தினம் பறந்தால் கரும்பூங்குருவியும் அதற்குச் சொந்தமே இல்லாத சில குருவிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி மெல்லிய, கூர்மையான விசில் கொடுக்கும். எங்கிருந்து வருகிறது என்று பிடிக்கவே முடியாத ஒலி அது. ஆந்தையைச் சுற்றிக் கத்துவது இதற்கு நேர்மாறு: விட்டு விட்டு, கரகரவென்று, 'இங்கே வா' என்று இடம் காட்டும் சத்தம். ஒரு குடும்பத்தின் எச்சரிக்கையை இன்னொரு குடும்பம் புரிந்துகொள்கிறது. சொந்தம் என்பது டி.என்.ஏ. மட்டுமா என்று மூத்த உறுப்பினர் அப்போது கேட்டார், அதற்கு மட்டும் யாரும் எதிர்வாதம் செய்யவில்லை.

செப்டம்பர் கூட்டத்தில் ஐரோப்பியப் பூங்குருவிகளைப் பற்றிய பேச்சு. நல்ல பேச்சு, புரொஜெக்டர்தான் பாதியில் காலை வாரியது. அங்கே பாடும் பூங்குருவி நத்தையைக் கல்லில் மோதி உடைத்துத் தின்னும். கரும்பூங்குருவிக்கு அந்தக் கைவேலை வராது, அடுத்தவன் உடைத்து முடித்ததும் பறித்துக்கொண்டு போகும். ஃபீல்டுஃபேர் என்ற பூங்குருவி கூட்டமாகக் கூடு கட்டி, திருட வரும் காக்கை மேல் எல்லாம் சேர்ந்து எச்சம் பீய்ச்சும், சிறகு நனைந்து பறக்க முடியாமல் போகிற அளவுக்கு. அந்தப் பாதுகாப்பை நம்பி வேறு சிறு பறவைகள் பக்கத்தில் குடியிருக்கின்றன. மெர்லின் என்ற சின்ன வல்லூறுகூட அங்கே வந்து கூடு வைக்கிறது என்றதும் சபையில் சிரிப்பு. 2001இல் வியன்னாவில் கரும்பூங்குருவிகள் கொத்துக் கொத்தாகச் செத்த கதையையும் பேச்சாளர் சொன்னார், கொசு பரப்பும் உசுட்டு வைரஸ் காரணம்.

ஒரு புகாரும் உண்டு. ஏப்ரலில் ஒருவர், பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்றைச் செருப்புப் பெட்டியில் வைத்துக் கூட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அன்பு புரிகிறது. ஆனால் பூங்குருவி, குண்டுகரிச்சான் போன்றவற்றின் குஞ்சுகள் முழுதாகப் பறக்கக் கற்பதற்கு முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும், புதருக்குள் உட்கார்ந்தபடி கத்தும், தாய் தகப்பன் தேடி வந்து ஊட்டும். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். தள்ளி நின்று பார்த்தோம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அலகில் பச்சைப் புழுவோடு தாய் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் கண் கலங்கியதை அவர் அனுமதியோடு பதிவு செய்கிறேன்.

கடைசியாக, பதிவேடு. மாணவியும் நானும் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டினோம். "கறுப்புக் குருவி, ஒன்று" என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, பாதி என் கையெழுத்து. கரிச்சானா, கருஞ்சிட்டா, ஆண் குயிலா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதனால் புதிய படிவத்தில் பெயருக்கான கட்டம் கடைசியில் வரும். எங்கே உட்கார்ந்தது, ஓடியதா தத்தியதா, வாலை என்ன செய்தது, என்ன தின்றது, யாரை விரட்டியது என்பதெல்லாம் முதலில். பெயர் தெரியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடலாம், யாரும் கேலி செய்யக் கூடாது, இது தீர்மானமாகவே நிறைவேறியிருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பதிவேட்டுப் பொறுப்பாளர் பதவிக்கு மாணவியின் பெயரை மூத்த உறுப்பினரே முன்மொழிந்திருக்கிறார், வழிமொழிய ஆள் வேண்டும். சங்கத்தின் இரண்டாவது பைனாகுலர் ஜூனிலிருந்து யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. வைத்திருப்பவர் அடுத்த வெளிநடைக்கு எடுத்துவரவும், கழுத்துப் பட்டையோடு.

செயலாளர்