சாமுராய் படத்துக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 'சாமுராய் டைம் ஸ்லிப்பர்' என்ற ஜப்பானியப் படம் எப்போது வரும் என்று தொலைபேசியிலும் நேரிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். படத்தின் ப்ளூ-ரே, டிவிடி தட்டுகளுக்குப் பணம் கட்டியாயிற்று. வந்து இறங்கியதும் முன்பதிவு செய்த வரிசைப்படி தகவல் சொல்லிவிடுவோம். அதற்குள் படத்தைப் பற்றிச் சில வார்த்தைகளும், வாங்குமுன் நீங்கள் சரிபார்க்க வேண்டிய ஒரு விவரமும்.

கேட்டவர்களில் பலர் இதை வாள்சண்டைப் படம் என்று நினைத்திருக்கிறார்கள். சண்டை உண்டு, அதுவும் அசலான சண்டை. ஆனால் இது அடிப்படையில் யார் மனமும் நோகாத நகைச்சுவைப் படம். அப்படி எதிர்பார்த்து உட்கார்ந்தால்தான் ரசிக்கும். ஜப்பானில் சாமுராய்கள் ஆண்ட எடோ காலத்தின் இறுதி நாட்கள், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஐசு என்ற சிற்றரசின் வீரரான கோசாகா ஷின்சாஎமோன், கியோட்டோவில் ஓர் இரவு எதிரிக்கு முன் வாளை உருவி நிற்கும்போது மின்னல் தாக்குகிறது. கண் விழித்தால் இக்காலத்துப் படப்பிடிப்புத் தளம். சுற்றிலும் எடோ தெருவும் கொண்டை வைத்த மனிதர்களும் இருப்பதால், காலம் மாறியதே அவருக்கு முதலில் விளங்கவில்லை.

இந்த இடத்தில் வேறு படமாக இருந்தால் அவரைக் கோமாளியாக்கியிருக்கும். இங்கே அவருடைய மரியாதை ஒரு கணமும் குறைவதில்லை. அடைக்கலம் தந்த கோயில் வீட்டில் தொலைக்காட்சியில் வரலாற்றுத் தொடர் பார்த்து உருகி அழுகிறார். யாரோ கொடுத்த கேக்கை ஒரு வாய் சுவைத்துவிட்டு, இவ்வளவு அருமையான பண்டத்தை எளிய மக்களும் உண்ண முடிகிறதே என்று நெகிழ்கிறார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நமக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். கோசாகாவாக வரும் மகியா யமகுச்சியின் நடிப்பில் துளி மிகை இல்லை.

பிழைப்புக்குக் கோசாகா எடுக்கும் வேலைதான் படத்தின் உயிர்: கதாநாயகனின் வாளுக்கு வெட்டுப்பட்டுச் சாகும் துணை நடிகர் வேலை. நிஜ வாள் பிடித்த கைக்கு, விழுவதற்குக் கற்றுக்கொள்வது எத்தனை பெரிய சோதனை! இந்தத் தொழிலின் ஊர் கியோட்டோவின் உசுமாசா. அங்கே 'ஐம்பதாயிரம் முறை வெட்டப்பட்டவர்' என்று பேர் வாங்கியவர் செய்சோ ஃபுகுமோட்டோ. உடம்பைப் பின்னால் வில்லாக வளைத்து அவர் விழும் விதத்தைப் பார்க்கவே ரசிகர்கள் இருந்தார்கள். படத்தில் வரும் வாள்பயிற்சி ஆசிரியர் வேடம் அவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2021 தொடக்கத்தில் அவர் காலமானார். அதே தொழிலில் ஊறிய ரன்தாரோ மினே அந்த வேடத்தை ஏற்றார். ஜப்பானியத் தொலைக்காட்சியில் வரலாற்றுத் தொடர்கள் அருகிப்போய்விட்ட காலத்தில், அந்தக் கலைக்கும் கலைஞர்களுக்கும் இது பெரிய வணக்கம்.

இயக்குநர் ஜூனிச்சி யசுதா நெல் விவசாயியும்கூட. படத்துக்காகச் சொந்தக் காரையே விற்றவர். கதையைப் படித்துப் பிடித்துப்போய், டோயெய் திரைப்பட நிறுவனம் தன் கியோட்டோ தளத்தில் படம்பிடிக்க உதவியது. உதவி இயக்குநர் யூகோவாக நடிக்கும் யூனோ சகுரா, திரைக்குப் பின்னாலும் உதவி இயக்குநராக உழைத்தவர். 2024 ஆகஸ்டில் டோக்கியோவின் இகெபுகுரோவில் ஒரே ஒரு திரையரங்கில் வெளியாகி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே 300க்கும் மேற்பட்ட திரைகளுக்குப் பரவியது. 2025 மார்ச்சில் ஜப்பான் அகாதெமியின் சிறந்த பட விருதும் கிடைத்தது. எங்களுக்கு விருதைவிட, ஒருவர் பார்த்து இன்னொருவரை அழைத்துப்போன அந்தப் பரவல்தான் பெரிதாகப் படுகிறது.

இனி அந்த விவரம். தட்டும் கருவியும் எந்த நாட்டுப் பகுதிக்கானவை என்பதைக் காட்டும் 'மண்டலக் குறி' ஒன்று உண்டு; இரண்டும் பொருந்தினால்தான் படம் ஓடும். ப்ளூ-ரே தட்டுகளில் ஜப்பான் 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். டிவிடியில் ஜப்பான் 2, இந்தியா 5. இங்கே வாங்கிய பல கருவிகளில் ஜப்பானியத் தட்டு ஓடாது. ஆகவே உங்கள் கருவியின் பின்புறமுள்ள மண்டலக் குறியைப் பார்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் மாதிரி எண்ணைச் சொன்னால் போதும், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். ஆங்கில வசன வரிகள் உள்ள பதிப்பையே கேட்டிருக்கிறோம். உங்கள் கருவிக்குப் பொருந்தாது என்று தெரிந்தால் தட்டை விற்கமாட்டோம், முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தருவோம்.

படம் 131 நிமிடம். இரண்டாம் பாதியைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுதவில்லை. வாங்கியவர்களும் பின்னட்டையைப் படிக்காமல் பாருங்கள். பார்த்து முடித்ததும் கடைப்பக்கம் வாருங்கள், அந்தக் கடைசிச் சண்டையைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
கடையினர்